கொங்கு நாட்டுக் குளங்களில் குளிர்காலப் பறவை பார்த்தல்: முழுமையான வழிகாட்டி

வலசைப் பறவை பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோதான் போக வேண்டும் என்று கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். கடல் நமக்கு இல்லைதான். ஆனால் கடற்கரைச் சேற்றில் மேயும் உள்ளான் என்ற கரைப்பறவைகளில் பல, நம் ஊர்க் குளத்தின் ஓரச் சேற்றுக்கும் வருகின்றன. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் வளர்ந்த வாத்துகள் நொய்யல் படுகையின் குளங்களில் மாதக்கணக்கில் தங்குகின்றன. ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளோடு 2022இலும், திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024இலும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டுமே நம்மவர்கள் பாசனத்துக்காக வெட்டிக் காத்த குளங்கள்.

இந்த வழிகாட்டி புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது. ஆரம்பத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பத்துக் குளங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குளத்துக்குக் குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போவதுதான் நல்லது. அந்தக் குளத்தின் தண்ணீர் ஏறி இறங்குவதைக் கவனிக்கப் பழகிவிட்டால், எந்த வாரம் எந்தப் பறவை வரும் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதல் படி: பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

குளிர்காலம் என்றதும் மார்கழிக் குளிரைத்தான் நினைப்போம். பறவைகளின் கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சாம்பல் வாலாட்டி மலையடிவார ஓடைகளுக்கு வந்துவிடும். அதையொட்டி உள்ளான் வகைகள் குளத்தோரங்களில் தென்படும். அக்டோபரில் மஞ்சள் வாலாட்டியும் தகைவிலானும் கூட்டம் கூட்டமாக வரும். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் உட்கார்ந்திருந்தால் வடக்கிலிருந்து வருகை முழுவீச்சில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே அக்டோபரில்தான் ஆறுமணிக்குருவி வரும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் இந்தச் சிறு பறவை, இரவில் பறந்து நம் பக்கம் வருகிறது. களைத்துப்போய் வீட்டு வராந்தாவிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் கையில் வைத்துக் கொஞ்சாமல், காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் இருட்டாக, பூனை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். தேறிக்கொண்டதும் பக்கத்திலேயே செடி கொடி அடர்ந்த இடத்தில் விடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வாத்துகள் கொஞ்சம் தாமதம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்பிய பிறகு, நவம்பர், டிசம்பரில் எண்ணிக்கை கூடும். சனவரி உச்சம். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது உள்ளான்களின் இரண்டாவது நல்ல காலம். ஏப்ரலில் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

இரண்டாம் படி: உங்கள் குளத்தைத் தேர்ந்தெடுங்கள்

கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர், உக்கடம் பெரியகுளம், குறிச்சி, கிருஷ்ணாம்பதி, சூலூர் என்று கைக்கெட்டும் தூரத்திலேயே குளங்கள் இருக்கின்றன. வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் வெள்ளத்தை அணைக்கட்டுகளில் திருப்பி, வாய்க்கால் வழியாகக் குளத்துக்குக் குளம் நிரப்பிய பழைய ஏற்பாட்டின் மிச்சம் இவை. ஒரு குளத்தில் தண்ணீர் ததும்பும்போது அடுத்ததில் முழங்கால் அளவே இருக்கும். பறவைகள் இந்த வேறுபாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஊத்துக்குளி சாலை வழியாகப் போய்ச் சேரக்கூடிய நஞ்சராயன் குளம் போல இன்னொன்று இல்லை. நல்லாற்றின் தண்ணீர் வந்து சேரும் இக்குளம் சுமார் 126 எக்டேர் பரப்பு கொண்டது. இதன் பெருமை பட்டைத்தலை வாத்து. வெண்ணிறத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், உடல் சாம்பல், கால் ஆரஞ்சு. மங்கோலியா, திபெத் பீடபூமிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் இனம். 7,000 மீட்டர் உயரத்திலும் இது பறப்பது பதிவாகியிருக்கிறது. எல்லா ஆண்டும் ஒரே எண்ணிக்கையில் வராது என்பதால், இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அங்கே மற்றவற்றுக்கும் குறைவில்லை.

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சுமார் 77 எக்டேரில் வெள்ளோடு. இங்கே முக்கியம் கூடு கட்டும் பறவைகள்: கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடும் குஞ்சும் இரைச்சலுமாக இருக்கும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்று பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடாக இருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை மதித்து, கரையில் சத்தமில்லாமல் நடப்பது நம் கடமை.

இவை எதுவும் பக்கத்தில் இல்லை என்றால் கவலை வேண்டாம். ஊர்ப் பொதுக் குட்டை, தடுப்பணை, நெல் வயல் எதுவும் சரிதான். ஓரத்தில் சரிவான மண் கரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் கால் நீளமும் மூக்கு நீளமும் தீர்மானிக்கின்றன. கொசு உள்ளானின் கால் சில சென்டிமீட்டர்தான், எனவே ஈரச் சேற்றிலும் படலமாக நிற்கும் தண்ணீரிலும் மட்டுமே அது மேயும். பொறி உள்ளான் கணுக்கால் நனையும் ஆழம் வரை இறங்கும். பச்சைக்காலியும் பவளக்காலியும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் தண்ணீரிலும் கவலையின்றி நடக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை முங்கி நீந்துபவை அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை வானம் பார்க்க நிமிர்த்தி, எட்டும் ஆழத்தில் மேய்கின்றன. ஒரு முழத்துக்குள் ஆழம் இருக்கும் பரப்புதான் அவற்றுக்குச் சாப்பாட்டு இடம். நடுக்குளத்தின் ஆழத்தில் இருப்பவை முக்குளிப்பானும் நீர்க்காகமும் நாமக்கோழியும்.

ஆக, விளிம்பு வரை நிரம்பிய குளம் கண்ணுக்கு அழகாக இருக்கும், உள்ளான் ஒன்றுகூட இருக்காது. அந்த வாரம் வாத்தைத் தேடுங்கள். தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்க, தினமும் ஓர் அடி, இரண்டடி என்று புதுச் சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில் புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் கூட்டமாக இருக்கும். வெளிவந்து ஓரிரு நாளான ஈரச் சேறுதான் சிறந்தது. காய்ந்து வெடித்துவிட்டால் உள்ளான்கள் அதை விட்டுத் தண்ணீர் விளிம்போடு நகர்ந்துவிடும். நீங்களும் விளிம்போடு நகர வேண்டும். அதனால்தான் போன வாரம் பார்த்த இடத்தில் இந்த வாரம் ஒன்றும் இருக்காது.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று சரிவான மண் கரையை வெட்டி, நேர்க்குத்தாகக் கல் அடுக்கி, உள்ளே ஆழப்படுத்திவிட்டால் இந்த ஆழமற்ற விளிம்பு மொத்தமாகப் போய்விடுகிறது. தண்ணீர் இருக்கும், நடைபாதை இருக்கும், உள்ளானுக்கு நிற்க இடமிருக்காது. உங்கள் ஊர்க் குளத்தில் வேலை தொடங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஒரு பக்கமாவது சரிவான மண் கரையாக விடச் சொல்லி மனு கொடுங்கள். அப்போது கையில் இருக்கும் பறவைப் பட்டியல் பெரிய பலம்.

ஆகாயத்தாமரை பற்றியும் கேட்பார்கள். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் நடக்க வசதி. குளம் முழுக்க மூடிவிட்டால் வாத்துக்கு இறங்க இடமில்லை.

நான்காம் படி: கருவிகள்

இருநோக்கி ஒன்று போதும். அதில் 8x42 என்று எழுதியிருந்தால், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். தொடங்குபவர்களுக்கு 8x42 வாங்கச் சொல்வேன். 10 மடங்கு கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், காட்சிப் பரப்பும் சுருங்கும். பறக்கும் பறவையைப் பிடிப்பது சிரமமாகிவிடும்.

வாங்கியதும் கண்ணுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்தைக் கையால் மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து ஒன்றை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். அடுத்து இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கமுள்ள வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனி அசைக்க வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண் கிண்ணங்களை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல், இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். மொட்டை மாடியில் காகங்களை வைத்தே இதைப் பயிற்சி செய்யலாம்.

கேமரா இருந்தால் சந்தேகம் தீர்க்க உதவும். ஆனால் முதல் வருடம் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது என்பது என் எண்ணம். படம் எடுக்கும் அவசரத்தில் பறவை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க மாட்டோம். சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: குளத்துக்குப் போகும் காலை

மார்கழி, தையில் நம் பக்கம் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். அந்த நேரத்துக்குக் கரையில் இருந்தால் ஒன்பது வரை நல்ல வெளிச்சம். முதல் நாள் செல்பேசி வரைபடத்தைப் பார்த்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி எந்தக் கரையில் நிற்கலாம் என்று முடிவு செய்யுங்கள். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். வெள்ளை, சிவப்பு உடை வேண்டாம். மண் நிறம், இலை நிறம் போதும்.

போனவுடன் கரை மேல் ஏறி நிற்காதீர்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரிந்தால் பாதிப் பறவைகள் எழும்பிவிடும். கரைக்குக் கீழாகவே நடந்து, ஒரு மரத்தடியிலோ மதகின் ஓரத்திலோ மெதுவாக ஏறி, அப்படியே கால் மணி நேரம் நில்லுங்கள். முதலில் வெறும் கண்ணால் குளத்தைப் பார்த்து, பிறகு ஓரச் சேறு, ஆழமற்ற தண்ணீர், நடுக்குளம், சம்பும் கோரையும் அடர்ந்த பகுதி, வானம் என்று பகுதி பகுதியாக இருநோக்கியை ஓட்டுங்கள். ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் நீங்கள் அதற்கு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள்.

உட்கார்ந்திருக்கும் வாத்துகள் எல்லாம் திடீரென்று ஒரே நேரத்தில் எழும்பினால் வானத்தைப் பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து இறக்கையை வி வடிவில் தூக்கி வைத்துக்கொண்டு, கோரைக்கு மேல் தாழ்வாக மிதந்து வரும். விராலடிப்பான் வந்தால் கதை வேறு. அது மீனை மட்டும் பிடிப்பது, காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் பாயும்.

ஆறாம் படி: அடையாளம் காணல்

நிறத்தை நம்பாதீர்கள். முதலில் அளவு: மைனாவா, காகமா, கொக்கா, எதனோடு ஒப்பிடலாம்? அப்புறம் மூக்கு, கால் நிறம், நடை, வால் ஆட்டம், குரல். நிறம் கடைசி.

வாத்துகளில் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர், நவம்பரில் வரும் ஆண் வாத்துகள் தங்கள் அழகு இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே பழுப்பாக இருக்கும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் டிசம்பர், சனவரிக்குள் பளபளப்பாகிவிடும். நீலச்சிறகி ஆண் மட்டும் சோம்பேறி, அந்த வெள்ளைப் புருவப் பட்டை முழுதாக வருவதற்குப் பெரும்பாலும் பிப்ரவரி ஆகிவிடும். அதுவரை உருவத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நீண்ட ஒல்லிக் கழுத்தும் கூர்வாலும் ஊசிவால் வாத்து. அகப்பை போன்ற அகன்ற மூக்கைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே போனால் தட்டைவாயன். அவை கூட்டமாகச் சேர்ந்து வட்டமடித்து நீந்தித் தண்ணீரைக் கலக்கி மேயும், பார்க்கவே ஆசையாக இருக்கும். மூக்கு நுனியில் மஞ்சளோடு ஆண்டு முழுக்க இருப்பது நம் ஊர் புள்ளிமூக்கு வாத்து.

உள்ளான்கள்தான் தொடக்கத்தில் எல்லோரையும் சோர வைப்பவை. மூன்றை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சாதாரண உள்ளான் உடலின் பின்பகுதியை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டும், மார்பின் வெள்ளை இறக்கைக்கு முன்னால் தோள் வரை ஏறியிருக்கும், பறந்தால் இறக்கையை விறைப்பாக வைத்துத் தண்ணீரை ஒட்டிப் போகும். பொறி உள்ளானுக்கு முதுகெங்கும் வெள்ளைப் பொறிகள், தெளிவான வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால். மூன்றாவது கிரீன் சாண்ட்பைப்பர். தனியாக, வாய்க்கால் ஓரத்திலோ சின்னக் குட்டையிலோ நிற்கும். எழும்பும்போது மேல்பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் வாலடி பளிச்சென்று வெள்ளையாகவும் தெரியும். இந்த மூன்றும் கைவந்த பிறகு பச்சைக்காலிக்குப் போங்கள். சற்றே மேல்நோக்கி வளைந்த தடித்த மூக்கு என்றால் பச்சைக்காலி, ஊசி போல நேரான மெல்லிய மூக்கு என்றால் மார்ஷ் சாண்ட்பைப்பர். கொசு உள்ளானிலும் இரண்டு உண்டு: கறுப்புக் கால் கொசு உள்ளான், மஞ்சள்பச்சைக் கால் டெமிங்க் கொசு உள்ளான்.

தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுங்கள். "உள்ளான், இனம் தெரியவில்லை" என்பதும் நேர்மையான பதிவுதான்.

குளத்தை விட்டு வெளியே: கொறங்காடும் தோட்டமும்

குளத்தோடு நின்றுவிட்டால் கொங்கின் பாதியை இழந்துவிடுவீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய்க்க விட்டிருக்கும் கொறங்காடுகள், பல பறவைகளுக்கு இன்னும் மிச்சமிருக்கும் புல்வெளி. மாண்டேகு பூனைப்பருந்தும் வெளிர் பூனைப்பருந்தும் குளிர்காலத்தில் இந்த மேட்டு நிலங்களின் மேல் தாழப் பறந்து இரை தேடும். இருட்டும் நேரத்தில் அவை மரத்தில் அடையாமல் புல் தரையிலேயே அடையும் என்பதால், அந்நேரம் உள்ளே நடக்கக் கூடாது. கொறங்காட்டை விற்று மனையாக்கினால் மாட்டோடு சேர்ந்து இவற்றுக்கும் இடம் போகிறது.

காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பறவையைக் கண்டால் இரண்டு வாய்ப்புகள். சாம்பல், வெள்ளை உடலில் தோள் மட்டும் கறுப்பு என்றால் ஆண்டு முழுக்க இங்கே இருக்கும் கருந்தோள் பருந்து. முதுகு செங்கல் நிறம் என்றால் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு.

தென்னந்தோப்பும் கொடிக்காலும் இருந்தால் கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும். வேலியில் பழுப்புக் கீச்சான், வேப்ப மரத்தில் மாங்குயில், கதிர் முற்றிய சோளக்காட்டிலும் பூத்த இலவ மரத்திலும் சோளப்பட்சிக் கூட்டம். வீட்டுத் தோட்டத்தில் "சக், சக்" என்று அடர்ந்த செடிக்குள்ளிருந்து கேட்டால் பெரும்பாலும் பிளைத் நாணல் கதிர்க்குருவி.

ஆனைகட்டி, சிறுவாணி அடிவாரம், பவானிசாகர் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உள்ளவை. வெளிச்சம் வந்த பிறகே போங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

ஏழாம் படி: எண்ணுங்கள், எழுதுங்கள்

நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், இனம், எண்ணிக்கை, தண்ணீர் மட்டம். மதகுப் படியில் எந்தக் கல் வரை தண்ணீர் என்று எழுதினாலே போதும். பெரிய கூட்டத்தை எண்ண, பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டம் முழுக்க ஓட்டிக்கொண்டே போங்கள். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியில் பதிவிட்டால் அது அறிவியலுக்கும் பயன்படும். அதில் "நிறைய" என்பதற்குப் பதிலாகத் தோராய எண் கொடுப்பது பல மடங்கு மதிப்புள்ளது.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியலிட்டால் போதும், யாரும் சேரலாம். நம் ஊரில் காப்புக் கட்டவும் பூப்பறிக்கவும் பிள்ளைகள் ஆவாரம்பூ தேடிக் காடு மேடெல்லாம் போகிற நாட்கள் அவை. அந்தப் பயணத்திலேயே ஓர் இருநோக்கியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

எப்படி நடந்துகொள்வது

பறவையை எழுப்பிப் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பைத்தான் செலவழிக்கிறது. செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், ட்ரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். கூட்டிடங்களில் தூரமாகவே நில்லுங்கள். அரிதான ஆந்தைக் கூட்டின் இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள்.

தோட்டத்து வழியாகப் போனால் கேட்டுவிட்டுப் போங்கள். "ஏனுங்க, இங்க என்ன பாக்கறீங்க?" என்று தோட்டத்துக்காரர் கேட்பார். "குருவி பாக்கறமுங்க" என்று சொல்லி இருநோக்கியை அவர் கையில் கொடுங்கள். ஒரு நீலத் தாழைக்கோழியைக் கிட்டத்தில் பார்த்துவிட்டால், அடுத்த முறை எந்தப் பக்கம் புதுக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று அவரே சொல்வார். குளத்தைத் தினமும் பார்ப்பவர்கள் அவரும் மீன் ஏலம் எடுத்தவரும் ஆடு மேய்ப்பவரும்தான்.

கடைசிப் படி: கிளம்பும் காலம்

மார்ச் பாதியில் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். மஞ்சள் வாலாட்டிகள் அடர்மஞ்சளாகி, தலை நிறம் தெளிவாகி, எந்தத் துணை இனம் என்று பிரிக்க முடிவது அப்போதுதான். உள்ளான்கள் சில இனப்பெருக்க நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். வற்றிய குளத்தில் எஞ்சிய தண்ணீரைச் சுற்றி எல்லாம் நெருங்கி நிற்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. முதல் வருகையின் தேதியை எல்லோரும் குறிக்கிறார்கள், கடைசியாகப் பார்த்த தேதிதான் தவறிப்போகிறது. அன்று பார்த்ததுதான் அந்த ஆண்டின் கடைசி என்று அப்போது தெரிவதில்லை. ஏப்ரல் முடியும் வரை வாரம் ஒரு முறையாவது போய், எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்த செப்டம்பரில் அதே நோட்டைத் திறந்து, அதே குளத்துக்குப் போங்கள்.